இடுப்பு நாற்பத்தாறு

குண்டூசி அதன் தலை வரைக்கும் இடுப்பில் இறங்கியும் பொம்மையக்காவுக்கு வலிக்கவில்லை. அன்றைய பிரச்சினை அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

வலிக்கவில்லை என்பதையே அவள் முதலில் கவனிக்கவில்லை. மரப்பெட்டியின் மேல் ஏறி, கைகளைச் சற்றே விரித்து, எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையைப் பார்த்தபடி நின்றிருந்தாள். தையல் மாஸ்டர் வாயில் நாலைந்து ஊசிகளைக் கவ்விக்கொண்டு, அவள்மேல் கிடந்த சட்டைத் துணியை இடுப்போரம் இழுத்துப் பிடித்து ஒன்றைக் குத்தினார். கை வழுக்கி, ஊசி நேராக உள்ளே போயிற்று. அவள் உருளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் ஊசியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஊசியைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஆ," என்றாள், சாவகாசமாக.

"இப்பதான் வலிக்குதா?"

"அப்பவே வலிச்சுது மாஸ்டர். பழகிப்போச்சு, அதான் சத்தம் போடல."

மாஸ்டர் ஊசியைப் பிடுங்கினார். நுனியில் ரத்தம் இல்லை. மஞ்சளாக ஒரு பொட்டு ஸ்பாஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விரலால் சுண்டிவிட்டு, ஊசியை மறுபடி வாயில் கவ்விக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. மாஸ்டர் திட்டினால் அதோடு போயிற்று என்று அர்த்தம். பேசாமல் இருந்தால் எங்கேயோ கணக்குப் போடுகிறார் என்று அர்த்தம்.

அது ஒரு ஆயத்த ஆடை கம்பெனி. பொம்மையக்கா வேலை பார்த்தது சாம்பிள் அறையில். ஆயிரக்கணக்கில் தைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சட்டையைத் தைத்து, மனித உடம்பில் அது எப்படி உட்காருகிறது என்று பார்க்கும் இடம். அங்கே தலையில்லாத துணிப் பொம்மைகள் மூன்று நின்றன: சின்ன அளவு, நடு அளவு, பெரிய அளவு. அதற்கும் மேலே எக்ஸெல் என்று ஒன்று இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த அளவுக்கு முதல் ஆர்டர் வந்தபோது, பொம்மையின் விலையைக் கேட்ட கம்பெனிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோருமாகச் சேர்ந்து, அந்த வழியாகத் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு போன இவளைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து இவள்தான் எக்ஸெல் பொம்மை. பேரும் அதோடு மாறிப்போயிற்று.

அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட. முகம் தெரியாத ஏதோ ஓர் ஊரில், முகம் தெரியாத ஒரு குண்டுப் பெண் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கும்போது சட்டை அக்குளில் பிடிக்கவில்லை என்றால், அதற்குத் தான் காரணம் என்று நினைத்துக்கொள்வாள். வேறு எதற்கும் யாரும் அவளைக் காரணம் சொன்னதில்லை, வீட்டில் பால் பொங்கி வழிந்தால் தவிர.

பெருமையைவிடப் பெரிய விஷயம் நாற்காலி. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் பெட்டிமேல் நின்றால் போதும். மற்ற நேரமெல்லாம் சாய்மானம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டலாம். அந்தக் கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை அபூர்வம். சுவருக்கு அந்தப் பக்கம் இஸ்திரிப் பிரிவு. காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரைவரைக்கும் நீராவிக்குள் நின்றே வேலை. நாற்காலி போட்டால் உட்கார்ந்துவிடுவார்கள் என்று நிர்வாகத்துக்குப் பயம். பொம்மையக்காவின் முட்டிகள் இருந்த இருப்புக்கு அங்கே ஒரு வாரம் தாங்கமாட்டாள். அது அவளுக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இஞ்ச் டேப்பைச் சுற்றிவிட்டு அவர் அதையே சொல்வார்.

"இடுப்பு நாப்பத்தாறு. ஒரு இஞ்ச் குறைஞ்சாலும் உன்னை அந்தப் பக்கம் அனுப்பிடுவாங்க, பாத்துக்க."

அனுப்பிடுவாங்க என்று அவர் சொன்னதை, அனுப்பிடுவேன் என்றே அவள் எடுத்துக்கொண்டாள். அவர் முகம் அப்படி.

நிலைமை இப்படியிருக்க, எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்த முட்டி அவளைத் தூக்கித் தூக்கிச் சலித்துப்போய்விட்டது என்றார். பத்துக் கிலோ குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதத்தில் கைத்தடி. அதிக நேரம் நிற்கவும் கூடாது.

பொம்மையக்கா யோசித்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டாள். "மார்பு, இடுப்பு ரெண்டையும் விட்டுட்டு வேற எங்கயாவது குறைக்க முடியுமா டாக்டர்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தலையிலயா?"

ஆக, குறைத்தால் வேலை போகும். குறைக்காவிட்டால் முட்டி போகும். முட்டி போனால் வேலை எப்படியும் போகும். மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். குறைப்பது, ஆனால் குறைந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பது.

கல்லூரி போகும் மகள் போனில் தேடி ஓட்ஸ் பிஸ்கட் என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். மாவு கிடையாது, சர்க்கரை கிடையாது, வெண்ணெய் கிடையாது. ஓட்ஸும் கனிந்த வாழைப்பழமும் பிசைந்து தட்டி அடுப்பில் சுட வேண்டியது. பசிக்கும்போதெல்லாம் இரண்டு. இனிப்பு ஆசையும் தீரும், உடம்பும் இறங்கும். அவர்கள் வீட்டில் இருந்த மின்சார அடுப்பு யாரோ வீடு மாறும்போது விட்டுப்போனது. அதில் இடது பக்கம் மட்டும்தான் சூடாகும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க, பாதியில் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்து, மகளே முப்பது பிஸ்கட் சுட்டாள். மேஜையில் தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது.

கணவர் ஒன்றை எடுத்து முகர்ந்தார். கடித்துப் பார்த்தார். பிறகு பேசாமல் எழுந்துபோய், ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்த அலமாரிக் காலுக்கு அடியில் வைத்தார். அலமாரி ஆடாமல் நின்றது.

"உன் டயட்டு நல்லாவே வேலை செய்யுது," என்றார்.

உண்மையிலேயே செய்தது. ஒரு பிஸ்கட்டை மென்று முடிப்பதற்குள் தாடை வலித்து, ராத்திரிச் சாப்பாட்டில் பாதியைத் தள்ளிவிடுவாள். ஐந்து வாரத்தில் நாலு கிலோ போயிற்று. மகள் தன் பிஸ்கட்டின் மகிமை என்று தோழிகளுக்கெல்லாம் எழுதினாள். கணவர் கவனிக்கவேயில்லை. அவள் உடம்பு கூடுகிறதா குறைகிறதா என்று கவலைப்பட்டது உலகத்திலேயே அந்த இஞ்ச் டேப் ஒன்றுதான். அடுத்து வரப்போகும் திங்கட்கிழமைக்கு அவள் பயந்தாள்.

குளிர்கோட்டு தைக்கும் பிரிவில் ஸ்பாஞ்சுத் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதில் கொஞ்சம் அள்ளிவந்து, பழைய உள்பாடி ஒன்றின் உள்பக்கம் அளவாக வெட்டித் தைத்தாள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு அடுக்கு. அவள் உடம்பை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. பதினோரு வருஷமாக அங்குலம் அங்குலமாகச் சத்தம்போட்டுப் படிக்கக் கேட்டிருக்கிறாளே. போன சதையையெல்லாம் துணியில் தைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

டேப் நாற்பத்தாறு என்றது. மாஸ்டர் தலையாட்டினார். அதற்கடுத்த இரண்டாம் நாள்தான் ஊசி இறங்கி, அவள் சாவகாசமாக 'ஆ' சொன்னது.

தப்பு ஸ்பாஞ்சில் என்று முடிவுகட்டினாள். ஊசி அத்தனை சுலபமாக உள்ளே போகக் கூடாது. அன்று மாலையே ஸ்பாஞ்சை உருவிப் போட்டுவிட்டு, தலை துவட்டுகிற பழைய துண்டுகளை இறுக்கமாக மடித்து, நெருக்கமாகத் தையல் போட்டு உள்ளே வைத்தாள். மறுநாள் மாஸ்டர் குத்தினார். ஊசி வளைந்தது. இன்னொன்று எடுத்துக் குத்தினார். அதுவும் வளைந்தது.

"உடம்பு இறுகிப்போச்சோ?" என்றார், வளைந்த ஊசியைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு.

"ஓட்ஸு மாஸ்டர். இரும்புச்சத்து."

வாயைவிட்டு வந்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மாஸ்டர் மெதுவாகத் திரும்பி அவளுடைய டிபன் டப்பாவைப் பார்த்தார். போய்த் திறந்தார். ஒரு பிஸ்கட்டை எடுத்து முன்பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்து, திரும்ப டப்பாவிலேயே போட்டார்.

"இதைத் தின்னா உடம்பு குறையாது. பல்லுதான் குறையும்."

"என் பொண்ணு சுட்டது மாஸ்டர். கொட்டினா கோவிச்சுக்குவா."

"இந்த ரூம்ல டயட்டு கியட்டுன்னு யாராவது பேசக் கேட்டேன்னா பாரு. நீ என்ன மேடைல நடக்கப் போறியா? நிக்கிற இடத்துல நின்னா போதும்."

அந்த 'நிக்கிற இடம்' அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. ஊசி குத்தாத இடத்தில் அது குத்தியது. அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு மாஸ்டர் தன் காசில் ஒரு பன்னும், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும் வாங்கிவந்து அவள் முன்னால் வைப்பார். தின்னு என்பார். தின்கிறாளா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். கசாப்புக் கடைக்காரன்கூட ஆட்டை இவ்வளவு அக்கறையாகப் பார்க்கமாட்டான் என்று அவள் மனசுக்குள் திட்டினாள். டீயைக் குடித்துவிட்டு, அவர் திரும்பும் சமயம் பன்னைப் பைக்குள் தள்ளிவிடுவாள். வீட்டுக்குப் போனதும் கணவர் அதைத் தின்றுவிடுவார். ஒரு மாதத்தில் அவருக்குக் கால்சட்டைப் பொத்தான் போட வரவில்லை. வீட்டின் மொத்த எடை குறையவில்லை. இடம்தான் மாறிக்கொண்டிருந்தது.

துண்டுகளின் விஷயம் வேறு மாதிரி முற்றியது. சாம்பிள் அறையில் ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் தாள் பறக்கும் என்று அணைத்தே இருக்கும். வியர்வையில் துண்டு ஊறும். ஊறியது கனக்கும். விலாவெல்லாம் வேர்க்குரு, சொறியவும் முடியாது. சொறிந்தாலும் சொறிவது துண்டைத்தான். மாலையில் பஸ்ஸுக்கு நடக்கும்போது முட்டி முன்னைவிட அதிகமாக வலித்தது. அதற்குச் சதை எது, துண்டு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

வேலை முடிந்து நேராக டாக்டரிடம் போனாள். எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னார்கள். உள்ளே ஊறிக்கிடந்த துண்டுகளோடு ஏறினாள். அங்கே நின்று அவிழ்க்கவா முடியும்?

ஒரு கிலோகூடக் குறையவில்லையே என்றார் டாக்டர். உண்மையிலேயே டயட்டில் இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறேன் என்றாள். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று டாக்டர் சீட்டில் என்னவோ எழுதினார். பொம்மையக்கா வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துண்டுகளைப் பிழிந்தபடியே கொஞ்சம் அழுதாள். இரண்டிலிருந்தும் தண்ணீர் வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. பிழிந்து போட்டது காயவில்லை. இரண்டு அடுக்குப் போட வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். தெய்வமே என்று பெட்டிமேல் ஏறினாள். மாஸ்டர் வெள்ளைத் துணியைப் போட்டு, ஊசி குத்தி, சாக்கட்டியால் கோடு போட்டு, 'ம்' என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தாள்.

மூன்று வாரம் கழித்து லாரி திரும்பி வந்தது.

அனுப்பிய சரக்கு திரும்பி வருவது எந்தக் கம்பெனிக்கும் எழவு விழுந்த மாதிரி. நாற்பது அட்டைப்பெட்டிகளை முற்றத்தில் இறக்கி அடுக்கினார்கள். எல்லாப் பெட்டியிலும் எக்ஸெல் என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. சட்டை அக்குளில் பிடிக்கிறதாம். இடுப்பில் பொத்தான் போட வரவில்லையாம். பேக்கிங் பெண்கள் இரண்டு பேர் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொம்மையக்கா பெட்டிகளை எண்ணினாள். எந்த ஊரிலோ நாற்பது பெட்டிக் குண்டுப் பெண்கள் பொத்தானை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத் தங்கள் உடம்பைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அந்த வியாழக்கிழமைதான் காரணம். அந்த ஒற்றை அடுக்குத் துண்டுதான்.

போன எடையை எப்படியாவது திரும்ப ஏற்றிவிட வேண்டும் என்று கிளம்பினாள். அன்று மாலை மகளின் கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அதே ஓட்ஸில் கட்டி வெண்ணெயும் தேனும் முந்திரியும் திராட்சையும் போட்டுச் சுட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக பிஸ்கட் பிஸ்கட் மாதிரி வந்தது. பதினெட்டைத் தின்றாள். மூன்று மாதமாக வறண்டு கிடந்த வயிறு அதை ஏற்கவில்லை. இரண்டு நாள் வாயாலும் வயிற்றாலும் போனதில் இன்னும் மூன்று கிலோ குறைந்தது.

"டயட்டை நிறுத்தினாலே உனக்குக் குறையுதேம்மா," என்று மகள் பொறாமைப்பட்டாள்.

மூன்றாம் நாள் கன்னம் ஒட்டிப்போய், வீட்டில் இருந்த துண்டுகளையெல்லாம் உடம்பில் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அன்றுதான் விசாரணை. மானேஜர் மாடியில் உட்கார்ந்து துணி வெட்டுகிறவர்களிலிருந்து பெட்டி கட்டுகிறவர்கள்வரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போன வருஷம்தான் வந்தவர். கீழே வேலை செய்கிறவர்களில் பாதிப்பேரின் முகம் அவருக்குத் தெரியாது. மாஸ்டர் முதலில் போனார். இரண்டே நிமிஷத்தில் இறங்கி வந்தார். நேராக இவளிடம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மேல கூப்பிட்டா ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. பிசிறு வெட்டுறேன்னு மட்டும் சொல்லு. வேற வாயைத் திறக்காதே. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"நீங்க என்ன சொன்னீங்க மாஸ்டர்?"

"அது உனக்கு எதுக்கு?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கவனம் சிதறியதில் பிசிறுக்குப் பதிலாகச் சட்டைக் காலரையே கொஞ்சம் வெட்டிவிட்டாள். மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றால் என்ன அர்த்தம்? பழியை அவள் தலையில் கட்டிவிட்டு வந்திருக்கிறார். இவளை வாயை மூடச் சொல்வது அதற்குத்தான். ஊசியில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சைப் பார்த்தார் அல்லவா. வளைந்த ஊசியையும் பார்த்தார். அப்போதெல்லாம் பேசாமல் இருந்தது இந்த நாளுக்காகத்தான். பதினோரு வருஷம் அசையாமல் நின்றவளை, நின்ற இடத்திலேயே தள்ளிவிடப் பார்க்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் நீராவி புஸ்ஸென்று சீறியது. 

மாடிப்படி இருபத்திரண்டு. ஏறி முடிக்கும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

மானேஜர் அறையில், பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டர் பெண் உட்கார்ந்திருந்தாள். வரைபடமெல்லாம் போடுகிற சின்னப் பெண். அதிகம் பேசமாட்டாள். பொம்மையக்காவைப் பார்த்ததும் சிரித்தாள். மானேஜர் நிமிராமல் என்ன வேலை என்று கேட்டார்.

"எக்ஸெல் அளவு என்மேலதான் சார் பாக்குறாங்க."

மானேஜர் நிமிர்ந்தார்.

நிமிர்ந்தவரிடம் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். தன் உடம்பில் எந்த மாற்றமும் இல்லை, வேண்டுமானால் இப்போதே அளந்து பார்க்கலாம் என்றாள். கம்ப்யூட்டர் பெண்ணை டேப்பை எடுக்கச் சொன்னாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி வந்து சுற்றிப் பார்த்து, நாற்பத்தாறு என்று முணுமுணுத்தாள். பாருங்கள் சார் என்றாள் பொம்மையக்கா. பதினோரு வருஷமாக அதே நாற்பத்தாறு. தப்பு உடம்பில் இல்லை, அளக்கிற கையில். மாஸ்டருக்குக் கண் மங்கிவிட்டது. கை நடுங்குகிறது. ஊசியைத் துணியில் குத்தாமல் ஆள்மேல் குத்துகிறார். குத்தியது ஆளா துணியா என்றுகூட அவருக்குத் தெரிவதில்லை. வயசான மனுஷர், பாவம், யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

பாவம் என்ற வார்த்தையைப் படியேறும்போதே தயார்செய்து வைத்திருந்தாள். அது நன்றாகப் பொருந்தியது.

கம்ப்யூட்டர் பெண் தலையைக் குனிந்துகொண்டு தன் செருப்பையே பார்த்தாள்.

"இப்பவும் உங்கமேல வெச்சுத்தான் அளவு பாக்குறாரா?" என்று மானேஜர் மெதுவாகக் கேட்டார்.

"ஆமா சார். தினமும் ரெண்டு மணி நேரம். மீதி நேரம் பிசிறு."

"தினமும்?"

"ஒரு நாள் விட்டதில்ல சார்."

"நேத்துகூட?"

"நேத்து நான் லீவு சார். வயிறு சரியில்ல."

மானேஜர் வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்து, சரி, போகலாம் என்றார். திட்டவில்லை. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றுகூடச் சொன்னார். இருபத்திரண்டு படியையும் அவள் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினாள்.

சாம்பிள் அறையில் மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. நாலு மணிக்குப் பன்னும் டீயும் வாங்கிவந்து வைத்தார். அன்று அவளுக்கு அந்தப் பன்னைப் பைக்குள் தள்ள மனசு வரவில்லை. தின்றுவிட்டாள். அவர் அதை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான், மேலே கூப்பிடுகிறார்கள் என்று படியேறிப் போனார். பொம்மையக்கா கிளம்பும்வரைக்கும் இறங்கி வரவில்லை.

மறுநாள் காலை மாஸ்டரின் மேஜை காலியாக இருந்தது. பெரிய கத்தரிக்கோல் இல்லை, சாக்கட்டி டப்பா இல்லை, ஊசிமெத்தை இல்லை. நேற்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள் என்று பேக்கிங் பெண்கள் சொன்னார்கள். கம்பெனியை ஏமாற்றினாராம். என்ன ஏமாற்றினார் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. கையெழுத்து போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

பொம்மையக்கா அந்தக் காலி மேஜையை ஒருமுறை தடவிப் பார்த்தாள். ஆனால் பெட்டி இருந்தது. நாற்காலி இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். அவர் முந்தியிருந்தால் இந்நேரம் நான் நீராவிக்குள் நின்றிருப்பேன். நான் முந்திக்கொண்டேன், அவ்வளவுதான். வயசான மனுஷர், வீட்டில் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். அடுத்த மாஸ்டர் எப்படிப்பட்டவரோ, ஊசியை எப்படிக் குத்துவாரோ என்று நினைத்து, இடுப்பில் துண்டுகளை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு, வருகிறவர் பார்க்கும்போது தயாராக நிற்கட்டுமே என்று, வலியைப் பொறுத்துக்கொண்டு பெட்டியின் மேல் ஏறி, கைகளைச் சற்றே விரித்து, சுவரைப் பார்த்து நின்றாள்.

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. வந்தது கம்ப்யூட்டர் பெண். கையில் ஒரு தாள்.

இன்றிலிருந்து இஸ்திரிப் பிரிவு என்று தாளில் இருந்தது. பொம்மையக்கா அதை இரண்டு தடவை படித்தாள். ஆள் மாறிப்போய்விட்டது, கொண்டுபோய்க் காட்டு என்று திருப்பிக் கொடுத்தாள். அந்தப் பெண் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. கோபத்தினாலா வருத்தத்தினாலா என்று தெரியவில்லை.

"என்னை அங்க அனுப்பிட்டா எக்ஸெல் அளவை யாருமேல வெச்சுப் பாப்பாங்களாம்?" என்று பொம்மையக்கா பெட்டியின் மேலிருந்தே கேட்டாள்.

"அந்த அளவு மூணு வருஷமா கம்ப்யூட்டர்லதான்க்கா போடுறோம், உங்களை இஸ்திரிக்கு அனுப்பச் சொல்லி அப்பவே வந்த தாளை மாஸ்டர் மறைச்சு வெச்சுட்டு, யாராவது எட்டிப் பாத்தா உங்களுக்கு வேலை இருக்கிற மாதிரி தெரியணுமேன்னு, தினமும் கழிவுத் துணியை உங்கமேல குத்திக்கிட்டிருந்தாரு."